காஸல் மேட்டில் ஒரு மறியல்

ரோஸ்விதா மிதியைத் தரையோடு அழுத்தியும் லாரி மணிக்கு எண்பத்தொன்பது கிலோமீட்டருக்கு மேல் இம்மிகூட ஏறவில்லை. அதற்கு மேல் ஏற விடாமல் தடுப்பதற்கென்றே கருவி பூட்டியிருந்தது. வலப்பக்கம் போன நீல லாரியின் வேகக் கட்டு எண்பத்தெட்டு. அதை முந்தப் போய், ஐந்து கிலோமீட்டராக இரண்டும் பூட்டிய மாடுகள் மாதிரி சேர்ந்தே ஓடின. பின்னால் கார்கள் விளக்கைச் சிமிட்டி மானத்தை வாங்கின.

நீல லாரிக்காரன் மிதியிலிருந்து காலை லேசாக எடுத்தால் போதும். ஹாரன் அடித்தாள். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. திமிர் பிடித்தவன் என்று பல்லைக் கடித்தபோதே நீல லாரி கோட்டைத் தாண்டி அவள் பக்கம் சாய்ந்தது. வேகத்தைக் குறைத்து அவனுக்குப் பின்னால் ஒதுங்கினாள்.

ஜெர்மனியின் காஸல் நகருக்கு அருகே நெடுஞ்சாலை ஓய்விடத்தில் அவன் திரும்ப, அவளும் சண்டைக்குத் தயாராகத் திரும்பினாள். அவன் லாரிக் கதவைத் தட்டினாள்.

"ஏன்யா, இவ்வளவு தூரம் கூடவே வந்தேனே, காலை எடுத்தா கொறஞ்சா போயிருவ?"

ஒந்த்ரெய் என்ற அந்தச் செக் நாட்டுக்காரன் புரியாமல் விழித்தான். கண் இரண்டும் ரத்தமாகச் சிவந்திருந்தன.

"நீங்களா? பக்கத்துல யாரும் வரலையே அக்கா."

அவன் பொய் சொல்லவில்லை. கண்ணைத் திறந்தபடியே தூங்கியிருக்கிறான்.

"எப்பய்யா தூங்கின?"

"காப்பி குடிச்சுட்டுக் கிளம்பிடுவேன். வண்டி தானா எண்பத்தெட்டுல போகும். நான் ஸ்டியரிங்கைப் பிடிச்சுக்கிட்டா போதும்."

ரோஸ்விதா போய்த் தன் லாரியை அவன் லாரிக்குக் குறுக்கே நிறுத்தினாள். அவன் ஹாரன் அடித்தான், தன் மொழியில் திட்டினான். கடைசியில் திரையை இழுத்து மூடிக்கொண்டு படுத்தான்.

அவள் அலுவலகத்திலிருந்து, வண்டிகளை அனுப்பும் ஹார்ட்முட் போனில் அழைத்தான். "எங்கம்மா இருக்க? உல்ம் கிடங்குல பாலாடைக்கட்டிய எறக்க ஆள் காத்துட்டு இருக்கான். வண்டி ரிப்பேரா?"

"இல்ல. நான்தான் நிறுத்தி வெச்சிருக்கேன். ஒருத்தன் தூங்கணும்."

"ஊரான் தூக்கத்துக்கெல்லாம் நீ காவலா?"

"கத்துறதுன்னா கத்து. எடுக்க மாட்டேன்."

சொல்லிவிட்டாளே தவிர, உட்கார முடியவில்லை. டயர்களைச் சுற்றிச் சுற்றி வந்தாள். இறுக்கிய சரக்குப் பட்டைகளையே மறுபடி இறுக்கினாள்.

வெயில் சாய்ந்த பிறகு ஒந்த்ரெய் இறங்கி வந்தான். கன்னத்தில் தலையணை மடிப்பு.

"என் பொண்டாட்டிகூட என்னை இப்படி மறிச்சதில்ல."

"வீட்டுக்குப் போய்ச் சொல்லு. இனிமே மறிப்பா."

அவன் சிரிக்கவில்லை. "உங்க பக்கம் வந்தேனா, நெஜமாவா?"

"வந்த."

முகத்தைத் துடைத்துக்கொண்டான். பிறகு தலையாட்டிவிட்டு ஏறினான். அவள் வழிவிட்டாள்.

அவள் போய்ச் சேர்ந்தபோது உல்ம் கிடங்கில் கதவைச் சாத்திவிட்டிருந்தார்கள். சரக்கு மறுநாள்தான் இறங்கியது. ஹார்ட்முட் ஒரு வாரம் அவளிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை.