தடைக்காலத்துச் சர்க்கரை

மீன்பிடித் தடைக்காலம் தொடங்கிய ஐந்தாவது நாள் ரகுபதிக்குச் சர்க்கரை இருப்பது தெரியவந்தது. அவன் காசிமேட்டில் விசைப்படகு டிரைவர். வயது நாற்பத்தொன்பது. படகுகளெல்லாம் கரையில் கட்டிக் கிடக்க, ஆண்கள் பகலில் வீட்டில் இருக்கும் நாட்கள் அவைதான் என்று சுகாதார நிலையத்துக்காரர்கள் குப்பத்திலேயே பந்தல் போட்டுச் சோதனை செய்தார்கள். வெறும் வயிற்றோடு அவனை அங்கே இழுத்துக்கொண்டு போனது அவன் மனைவி பவானி. இருநூற்று அறுபத்தெட்டு என்று வந்தது.

டாக்டரம்மா மாத்திரை எழுதிக்கொடுத்தார். வீட்டில் ஒரு மெஷின் வாங்கிவைத்துத் தினமும் பார்க்கவும் சொன்னார்.

"இப்போ ரெண்டு மாசம் கரையிலதானே இருக்கீங்க? அதுக்குள்ள பழகிக்குங்க. பத்து நாள் கடல்ல இருக்கும்போது நானும் வர முடியாது, உங்க வீட்டம்மாவும் வர முடியாது."

கல்மண்டபத்து மெடிக்கலில் வாங்கிவந்த மெஷினை ரகுபதி இரண்டு நாள் தொடவேயில்லை. இரும்பு வடம் உள்ளங்கையைக் கிழித்தபோது துணியைச் சுற்றிக்கொண்டு கரைவரை படகை ஓட்டிவந்தவன் அவன். ஆனால் அந்தக் குட்டி ஊசியைப் பார்த்தாலே அவனுக்கு வியர்த்தது. மூன்றாம் நாள் காலை, குளித்துவிட்டு வந்தவனைப் பவானி பிடித்து உட்கார வைத்தாள்.

"எறும்பு கடிக்கிற மாதிரிதான் மாமா. கைய நீட்டு."

"எறும்பு கடிக்கப்போவுதுன்னு தெரிஞ்சா நீ கைய நீட்டிகினு குந்துவியா?"

அவள் சிரித்துக்கொண்டே குத்தினாள். ரத்தம் வரவில்லை. இன்னொரு விரலில் குத்தினாள். அதிலும் வரவில்லை. முப்பது வருடம் கயிறும் வலையும் பிடித்துக் காய்த்துப்போன விரல்கள்.

"இன்னா மாமா இது, தோலா டயரா?"

ஒவ்வொரு விரலாகத் தடவிப் பார்த்து, கடைசியில் இடது கை மோதிர விரலின் ஓரத்தில் கொஞ்சம் மெத்தென்ற இடத்தைக் கண்டுபிடித்தாள். அங்கே குத்தியதும் கடுகளவு ரத்தம் எட்டிப்பார்த்தது. மெஷினில் செருகியிருந்த சோதனைப் பட்டையின் நுனி அதை உறிஞ்சிக்கொண்டது. ஐந்து எண்ணுவதற்குள் மெஷின் இருநூற்று முப்பத்தொன்று என்று காட்டியது. பவானி ஒரு நோட்டில் தேதி போட்டு எழுதினாள்.

ஒரு வாரம் அவள்தான் குத்தினாள். பிறகு அவனே குத்திக்கொள்ள ஆரம்பித்தான். தண்ணீருக்கடியில் எத்தனை பாகம் ஆழம், மீன் எங்கே கூடியிருக்கிறது என்று படகிலுள்ள திரையில் எண்களைப் பார்த்தே பிழைத்தவன் அவன். தன் உடம்புக்கும் அப்படி ஒரு திரை கிடைத்தது அவனுக்குப் பிடித்துப்போயிற்று. பரோட்டா தின்ற மறுநாள் எண் ஏறியது. சோற்றைப் பாதியாக்கி, மீனையும் கீரையையும் கூட்டியபோது இறங்கியது. சாயங்காலம் இருவரும் துறைமுகம் வரை நடந்துவிட்டு வந்தால் இன்னும் இறங்கியது.

"நீ கூட நடந்தா இருபது கொறையுதும்மே," என்றான் ஒரு நாள்.

"போ மாமா," என்றாள் பவானி. ஆனாலும் மறுநாள் அவன் கூப்பிடுவதற்கு முன்பே செருப்பைப் போட்டுக்கொண்டு வாசலில் நின்றாள்.

மே மாதம் பாதி தாண்டியபோது வெறும் வயிற்றில் நூற்றுமுப்பதுக்கு வந்திருந்தது. அந்தச் சமயத்தில்தான் பவானியின் அக்கா பிள்ளைகள் மூன்று பேர் லீவுக்கு வந்தார்கள். அவர்களுக்காக ஒரு கூடை மாம்பழமும் வந்து இறங்கியது.

ஒரு மதியம் பவானி ரேஷன் கடைக்குப் போயிருந்தாள். திரும்பி வந்தபோது ரகுபதி மெஷினைக் கையில் பிடித்தபடி கூடத்தில் உட்கார்ந்திருந்தான். முகம் வெளிறியிருந்தது.

"இத்த பாரேன். சாப்ட்டப்புறம் எவ்ளோ ஏறுதுன்னு பாக்கலாம்னு, ரெண்டு மணி நேரம் கயிச்சுதான் குத்துனேன்."

முந்நூற்று நாற்பத்தொன்று.

பவானி அவனைப் பார்த்தாள். பக்கத்திலிருந்த தட்டையும் பார்த்தாள். அதில் மாம்பழத் தோலும் நாலைந்து கொட்டைகளும் கிடந்தன. பிள்ளைகளைக் காணோம், விளையாடப் போய்விட்டிருந்தார்கள்.

"எத்தினி துன்ன?"

"ஒரு துண்டு கூடத் துன்னலம்மே. புள்ளைங்களுக்கு அறுத்துக் குட்த்தேன், அவ்ளோதான்."

"அப்போ இது இன்னா? மெஷின் பொய் சொல்லுதா?"

"கடலம்மா சத்தியமா துன்னல."

"சத்தியம் வேற பண்றியா? ஒரு மாசமா உன் பின்னாடியே சுத்திகினு கீறேன். எனுக்கு வேற வேல இல்ல பாரு!"

ரகுபதி மெஷினை அதன் பையில் வைத்து மூடிவிட்டு, சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டான்.

பவானி தட்டைக் கழுவப் போட்டாள். கோபத்தோடு பயமும் சேர்ந்துகொண்டது. சுகாதார நிலையத்து கரோலின் சிஸ்டருக்கு போன் செய்து எண்ணைச் சொன்னாள். சிஸ்டர் பதறவில்லை.

"மயக்கம், அதிகத் தாகம் ஏதாவது இருக்கா?"

"இல்ல சிஸ்டர். மாம்பழத்தத் துன்னுட்டு இல்லன்னு சாதிக்கிறாரு."

"கை கழுவிட்டுத்தானே குத்தினாரு?"

பவானி கழுவப் போட்டிருந்த தட்டைத் திரும்பிப் பார்த்தாள். தினமும் காலையில் குளித்த கையோடு பார்ப்பதால் அதைப் பற்றி அவர்கள் யோசித்ததே கிடையாது.

"பழம் அறுத்த கையில குத்தினா, விரல்ல ஒட்டியிருக்கிற சாறும் ரத்தத்தோட சேர்ந்து ஏறிடும்மா. சோப்பு போட்டுக் கழுவி, நல்லாத் துடைச்சிட்டு இன்னொரு தடவை பார்க்கச் சொல்லுங்க. அப்பவும் ஏறியிருந்தா உடனே இட்டுகினு வாங்க."

போனை வைத்ததும்தான் அவளுக்கு இன்னொன்றும் உறைத்தது. திருட்டுத்தனமாகத் தின்றவன் எதற்காக விரலைக் குத்தி, வந்த எண்ணையும் அவளிடமே காட்டுவான்?

சோப்பு, ஒரு பாட்டில் தண்ணீர், துண்டு, மெஷின் எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டுக்கொண்டு பவானி துறைமுகத்துக்கு நடந்தாள். வலை பின்னும் இடத்தில் ஏழெட்டு ஆட்கள் நிழலில் உட்கார்ந்திருந்தார்கள். ரகுபதி ஒரு ஓரமாகத் தலை குனிந்து வலை முடிந்துகொண்டிருந்தான்.

"கைய நீட்டு மாமா," என்றாள் எல்லோர் முன்னாலும்.

அவன் நிமிர்ந்து பார்த்தான். எதுவும் கேட்காமல் கையை நீட்டினான். அவள் பாட்டிலைச் சாய்த்து, சோப்பு போட்டு, விரல் இடுக்கெல்லாம் தேய்த்துக் கழுவித் துடைத்தாள். அவனோடு ஒரே படகில் போகும் வல்லரசு வேலையை நிறுத்திவிட்டு வேடிக்கை பார்த்தான்.

"இன்னா அண்ணி, மறுபடியும் மாப்ள ஆக்குறியா?"

பவானி காதில் வாங்கவில்லை. புது ஊசியை மாட்டிக் குத்தினாள். ஒன்று, இரண்டு என்று வாய்க்குள் எண்ணினாள். மெஷின் நூற்று நாற்பத்தாறு என்று காட்டியது.

அவள் அப்படியே வலைமேல் உட்கார்ந்துவிட்டாள்.

"நீ துன்னல மாமா. உன் கைதான் துன்னுச்சி. நான்தான் பேஜார் பண்ணிட்டேன்."

"நான் அப்பவே சொன்னனே," என்றான் ரகுபதி. விஷயம் புரிந்த ஆட்கள் சிரித்த சிரிப்பில் அவனும் சேர்ந்துகொண்டான். இருவரும் வீடு திரும்பும் வழியில் பவானி ஒரு டீக்கடையில் நின்று, சர்க்கரை போடாமல் இரண்டு டீ வாங்கினாள். அவள் அப்படிக் குடித்தது அதுவே முதல் தடவை. முகத்தைச் சுளித்துக்கொண்டு குடித்து முடித்தாள்.

ஜூன் நடுவில் தடைக்காலம் முடிந்து படகுகள் கிளம்பின. கடல் ஈரம் பட்டால் பட்டைகள் கெட்டுவிடும் என்று பவானி அந்த டப்பாவை இரண்டு பிளாஸ்டிக் கவருக்குள் கட்டிக் கொடுத்தாள். மாத்திரையைத் தனியாக வைத்தாள். படகில் சமைக்கும் ஆளிடம் தன் சோற்றளவை ரகுபதியே சொல்லிக்கொண்டான்.

ஒன்பதாம் நாள் படகு திரும்பியது. அவன் ஏணியிலிருந்து இறங்கியதும் மீன் எவ்வளவு என்று கேட்காமல் பவானி கையை நீட்டினாள். அவன் பனியனுக்குள்ளிருந்து நோட்டை எடுத்துக் கொடுத்தான். உப்பு படிந்த தாளில் கோணல்மாணலாக எண்கள் இருந்தன. நூற்று இருபத்தெட்டு, நூற்று முப்பத்தைந்து, நூற்றுப் பத்தொன்பது. ஆறாம் நாளுக்கு எதிரே மட்டும் ஒன்றுமே இல்லை.

"இது இன்னா, காலியா கீது?"

"அன்னிக்கு செம காத்து. படகு ஆடின ஆட்டத்துல எங்க குத்துறது? மறுநா பார்த்துக்கலாம்னு வுட்டுட்டேன்."

"எதனா ஒரு நம்பரு எழுதியிருந்தா எனுக்கு எங்க தெரியப்போவுது?"

"எதுக்கு எழுதணும்?" என்றான் ரகுபதி.

பவானி நோட்டை மூடி இடுப்பில் செருகிக்கொண்டாள். பிறகு ஐஸ் பெட்டியின் ஒரு பக்கத்தை அவள் பிடிக்க, மறுபக்கத்தை அவன் பிடித்தான். ஏலக் கூடத்தில் அதற்குள் கூட்டம் கூடியிருந்தது.