செந்தாடி ஓர் ஆளா, இரண்டு ஆளா?

1

வாசகரே, இந்தக் கதை என் வாய்க்கொழுப்பில் பிறந்தது. முதலிலேயே ஒப்புக்கொள்கிறேன்.

கரகண்டா நகரில் ஒரு மருத்துவமனையில் சீட்டுப் பதியும் வேலை எனக்கு. இணையத்தில் கண்ணில் படுகிற வேடிக்கைகளைப் பொறுக்கி, ஒவ்வொன்றுக்கும் ஒரு வரிக் கிண்டலோடு வெள்ளிக்கிழமைதோறும் ஆறு மணிக்கு என் பக்கத்தில் போடுவேன். போன வாரம் ஒட்டகத்துக்குக் குளிர்கோட்டு தைத்த ஒருவர், சமோவார் மேல் தூங்கும் பூனை, மூன்றாவதாக ஸ்மாகூல் என்ற ஓய்வுபெற்ற லாரி டிரைவர் ஏற்றியிருந்த பழைய வம்சாவளித் தாள்.

தாளின் ஓரத்தில் ஒரு குறிப்பு: ‘பெக்போசினும் செந்தாடியும் ஒரே ஆள். மாமனார் பெயரைச் சொல்லக்கூடாதென்று மருமகள்கள் வைத்த பெயர் செந்தாடி.’

நான் எழுதிய வரி: ‘மருமகள் வாயைக் கட்டினால் மாமனார் இரண்டு ஆளாகிவிடுவார்.’ அறுநூறு பேர் சிரித்தார்கள்.

2

[முதலில் இப்படித் தொடங்கியிருந்தேன்: ‘பனி கொட்டிய ஒரு மாலையில் கம்ஷாத் என்னும் பேரழகி—’ அடித்துவிட்டேன். பனியும் இல்லை, அவளை நான் பார்த்ததும் இல்லை. போனில் குரல்தான்.]

“அக்கா, அந்த மூணாவது வரியால என் கல்யாணம் நின்னுடும்.”

“ஏம்மா, என்ன ஆச்சு?”

“நான் கட்டிக்கப்போற மிராஸ் வழியில பெக்போசின் எட்டாவது பாட்டன். எங்க வழியில செந்தாடி ஏழு, அவரோட அப்பா பெக்போசின் எட்டு. அப்படி எண்ணித்தான் நிச்சயம் பண்ணாங்க. ரெண்டும் ஒரே ஆளுன்னா எங்க பக்கம் ஏழுதான்.”

(ஏதாவது ஒரு பக்கம் ஏழு தலைமுறைக்குள் பொதுப் பாட்டன் வந்தால் எங்கள் வழக்கத்தில் கல்யாணம் கிடையாது. எட்டு என்றால் குதிரைக்கறி விருந்து. நடுவில் பேரமே இல்லை.)

“வரியை எடுத்துடட்டுமா?”

“அறுநூறு பேர் படிச்சாச்சே! மிராஸோட அப்பா உங்க பக்கத்தை ஒரு வாரம்கூட விடாம படிப்பாரு. இப்ப வேலைக்குப் போன இடத்துல சிக்னல் இல்ல. வெள்ளிக்கிழமை வந்து டீயோட உக்காருவாரு. குறிப்பு தப்பு, அவங்க அப்பனும் மகனும்தான்னு ஒரு திருத்தம் போடுங்கக்கா. நீங்க எழுதுறவங்கதானே, ஒரு ஆளைக் கூட்ட முடியாதா?”

3

ஸ்மாகூலைப் போனில் பிடித்தேன்.

“ஐயா, அந்தக் குறிப்பு நிச்சயந்தானா?”

“எங்கப்பா எழுதினதும்மா. அவருக்கு யாரு சொன்னாங்களோ. ஒரே ராத்திரில முந்நூறு குதிரை திருடின கதையும் அதே நோட்டுலதான் இருக்கு.”

“அப்ப தப்பா இருக்கலாம்?”

“இருக்கலாம். சரியாவும் இருக்கலாம். தப்புன்னு எழுதணும்னா உன் பேர்ல எழுது. செத்த மனுஷனைப் பொய்யனாக்காதே.”

4

மிராஸ் என்ற பாத்திரம் எனக்குப் பிடிபடவே இல்லை. மாப்பிள்ளை என்று பெயர், கதையில் ஒரு வேலையும் கிடையாது. அதனால் இந்தக் கதைக்கு எழுதிப் பார்த்த ஒரு முடிவில் அவனைக் கோழையாக்கினேன்: அப்பா சொன்னதும் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு அவன்— இன்னொன்றில் இருவரும் அல்மாட்டிக்கு ரயிலேறி—

நேற்று அவனிடமிருந்தே செய்தி வந்தது.

“அக்கா, மூணாவது வரிக்கு ஒரு திருத்தம் போடுவீங்களா? கம்ஷாத் இன்னும் படிக்கல போல. அவளுக்குத் தெரிய வேண்டாம், தாங்கமாட்டா.”

கம்ஷாத்தும் போனை வைக்கும்போது இதையேதான் சொன்னாள், மிராஸுக்குத் தெரிய வேண்டாம், தாங்கமாட்டான் என்று. சமையலறையில் உட்கார்ந்து அழுதேன். எனக்கு வெட்கமாக இருந்தது. அவனைக் கோழையாக்கிய பக்கத்தைக் கிழித்துப் போட்டேன்.

5

இன்று வெள்ளிக்கிழமை. மிராஸின் அப்பா பஸ் ஏறிவிட்டாராம். என் பட்டியலில் எல்லாம் தயார், இந்த ஒரு வரியைத் தவிர:

‘திருத்தம்: பெக்போசினும் செந்தாடியும்               ’

இதற்கு மேல் கை ஓடவில்லை. பொய் எழுதத் தெரியாதவள் இல்லை நான், கதை எழுதுகிறவளுக்கு அது ஒன்றுதானே வேலை. ஆனால் இங்கே எது பொய் என்றே தெரியவில்லை. முடிவை வாசகரிடம் விட்டுவிடுவது கதாசிரியர்களின் சோம்பேறித்தனம் என்று நானே ஒரு முறை கிண்டல் செய்திருக்கிறேன். இருக்கட்டும்.

இந்தக் கதையை நான்கு மணிக்கு இரண்டே பேருக்கு அனுப்பப் போகிறேன். கம்ஷாத், மிராஸ், ‘வாசகரே’ என்று நான் கூப்பிட்டது உங்களைத்தான். ஆறு மணிக்குள் இரண்டு பேரும் ஒரே மேசையில் உட்கார்ந்து அந்த வரியை முடித்து அனுப்புங்கள். தனித்தனியாக வந்தால் வாங்க மாட்டேன். சேர்ந்து எதை எழுதினாலும் என் பெயரில் போடுகிறேன்.