எண்ணுக்கு முன்னால் ஒரு மூச்சு

அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு மென்பொருள் நிறுவனத்தின் கூட்ட அறையில் நிருபர்கள் பதினைந்து பேர் உட்கார்ந்திருந்தோம். எந்தத் தமிழ் எழுத்தையும் ஆண் குரலில் படித்துக்காட்டும் செயலியின் அறிமுக விழா. பார்வையற்றவர்களுக்கு மாதச் சந்தா முந்நூறு ரூபாய்.

"முதல் வரியிலேருந்து கடைசி வரி வரைக்கும் எங்க டீம் எழுதினது. வெளியிலேருந்து எதையுமே எடுக்கல," என்றார் நிறுவனர் வினோத்.

முன்வரிசையில் கைதட்டினார்கள். நான் தட்டவில்லை. இரண்டு வருடத்துக்கு முன் இதுபோன்ற ஒரு மேடையை நம்பியிருக்கிறேன். பிளாட்பாரத்தின் விளிம்பைக் கண்டுசொல்லும் என்று ஒரு செயலியை, சோதித்துப் பார்க்காமலே புகழ்ந்து எழுதினேன். என் கணவர் இளங்கோவுக்குப் பார்வை கிடையாது. நான் எழுதியதை நம்பித் திருநின்றவூர் ஸ்டேஷனில் நடந்தவர், தண்டவாளத்தில் விழுந்து மணிக்கட்டை உடைத்துக்கொண்டார். அதை அவர் ஒருநாளும் சொல்லிக்காட்டியதில்லை. சொல்லியிருந்தால் தேவலை என்று தோன்றும். எதையும் நம்பாமல் இருப்பதுதான் நேர்மை என்று அன்றிலிருந்து பழகிவிட்டேன்.

திரையில் ஒரு ரயில் அறிவிப்பைப் போட்டார்கள். "ஆவடியிலிருந்து எட்டு நாற்பத்திரண்டுக்கு..." என்று படித்தது குரல். 'எட்டு' என்பதற்கு முன் மெல்லிய ஒரு மூச்சு. அடுத்த எண்ணுக்கு முன்னாலும் அதே மூச்சு. எனக்கு அது தெரிந்த மூச்சு. தினமும் என் சமையலறையில் கேட்பது.

அதை என் போனில் பதிவு செய்துகொண்டு, "எழுதின புரோகிராமைக் காட்டுவீங்களா?" என்று கேட்டேன்.

"மேடம், பிரியாணிக் கடையில போய் மசாலா ரகசியம் கேப்பீங்களா?"

எல்லோரும் சிரித்தார்கள். 'முழுக்க நம்ம ஊர் தயாரிப்பு' என்ற தலைப்பில் முதல் பக்கத்தில் இடம் ஒதுக்கியிருப்பதாகவும், மறுநாள் மாலைக்குள் கட்டுரை வேண்டும் என்றும் ஆசிரியர் சொல்லி அனுப்பியிருந்தார்.

வீட்டில் பதிவைப் போட்டதும் இளங்கோ சிரித்துவிட்டார். "நம்ம அக்காதான் இது! ஆம்பளை வேஷம் போட்டிருக்காங்க."

அவருடைய போனில் இருக்கும் இலவசச் செயலியின் பெண் குரலைத்தான் நாங்கள் அக்கா என்போம். ஆறு வருடமாக அவருக்குச் செய்தித்தாளும் கடிதங்களும் என் கட்டுரைகளும் அந்தக் குரலில்தான்.

"உறுதியாத் தெரியுமா?"

"உன் குரல்னாகூட நான் ஏமாந்துடுவேன், பிரியா. கோபம் வந்தா நீ வேற ஆளு. இவங்க மாறவே மாட்டாங்க."

காதை ஆதாரமாகக் காட்டி எழுத முடியாது. தப்பானால் இன்னொரு தடவை பொய் எழுதியவள் ஆவேன். இதை விட்டுவிட்டு எழுதினாலும் அப்படித்தான். அந்த இலவசச் செயலியின் இணையப் பக்கத்துக்குப் போனேன். அதன் உரிமத்தை அன்றுதான் முதன்முதலாகப் படித்தேன். யாரும் எடுக்கலாம், மாற்றலாம், விற்கவும் செய்யலாம். ஆனால் செய்தவர்களின் பெயர் கூடவே போக வேண்டும். மாற்றியதையும் இதேபோல எல்லோருக்கும் திறந்துவைக்க வேண்டும். கீழே இரண்டு பெயர்கள். நிரல்: கிருபாகரன். குரல்: நாகம்மா, நசரத்பேட்டை.

ஆறு வருடம் அந்தக் குரலோடு ஒரே வீட்டில் இருந்திருக்கிறேன். அதற்கு ஓர் ஊர் இருக்கும் என்று எனக்குத் தோன்றியதே இல்லை.

கிருபாகரனுக்கு எழுதினேன். மறுநாள் காலையில் மாங்காட்டிலிருந்து லேப்டாப்போடு வந்து, நாகம்மாவின் வீட்டுக்கு அழைத்துப்போனார். கதவைத் திறந்தவர் ஐம்பது வயதைத் தாண்டிய பெண்மணி. கையில் சோப்பு நுரை.

"வா கண்ணு, உள்ள வா. இன்னா, பேயப் பாத்த மாதிரி நின்னுகினு கீற?"

எங்கள் சமையலறையின் அதே குரல். செருப்பைக் கழற்றக்கூடத் தோன்றவில்லை.

நாகம்மா அம்பத்தூரில் இரும்புப் பாகங்கள் செய்யும் ஒரு பிரஸ் பட்டறையில் இருபது வருடம் அளவு பார்த்தவர். செய்து முடித்த பாகத்தை மைக்ரோமீட்டரில் வைத்து, அளவை உரக்கச் சொல்ல வேண்டும். எதிரே ஒருவர் எழுதிக்கொள்வார். வேலையில் சேர்ந்த புதிதில் அப்படி எழுதிக்கொண்டவர்தான் கிருபாகரன்.

"மிசினு போடுற சத்தத்துல நம்பர் மாறிப்போச்சுன்னா மொத்த மாலும் குப்பைக்குத்தான். அதான் மூச்ச இஸ்துக்கினு சொல்றது. அதுவே பழகிப்போச்சு. இவன் ஊட்ல உக்கார வச்சி படிக்கச் சொன்னப்பகூட அந்தப் பழக்கம் உடல."

"அதுக்காகத்தான்க்கா உன்னையே படிக்கச் சொன்னேன். நீ சொன்னதுல ஒரு அளவுகூட எனக்குத் தப்பாக் கேட்டதில்ல," என்றார் கிருபாகரன்.

பிறகு என் பதிவை லேப்டாப்பில் ஏற்றி, குரலின் சுருதியைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டினார். ஆண் குரல் மெலிந்தது. இன்னும் மெலிந்தது. 'எட்டு நாற்பத்திரண்டுக்கு' என்றபோது அது, பக்கத்தில் நின்று கை துடைத்துக்கொண்டிருந்தவரின் குரலாகவே இருந்தது. தன் செயலியை அதே அறிவிப்பைப் படிக்கவைத்து, இரண்டின் அலைகளையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்தார். மூச்சுகள்கூட இம்மி பிசகாமல் பொருந்தின.

"அடப்பாவி, எனக்கு மீசை வச்சிட்டானா!" என்றார் நாகம்மா.

அங்கிருந்தே வினோத்தைக் கூப்பிட்டு, ஸ்பீக்கரில் போட்டு, யார் யார் இருக்கிறோம் என்று சொல்லிவிட்டு, இரண்டையும் கேட்கவைத்தேன்.

"வெளியில ஒருத்தர்கிட்ட வேலையக் குடுத்தோம் மேடம். எங்க எடுத்தார்னு நாங்க கேக்கல. ஒரு வாரம் தள்ளிப் போட முடியுமா?"

"நீங்க இப்ப சொன்னதையும் சேர்த்து இன்னைக்கே எழுதறேன்."

நாகம்மா போன் பக்கம் குனிந்தார். "எடுத்துக்க நைனா, வாணான்னு சொல்லல. எல்லாருக்கும்னுதான் படிச்சேன். நீ அத உள்ள வச்சிப் பூட்டிக்கினு, கண்ணு தெரியாததுங்ககிட்டயே காசு கேட்டா எப்பிடி?"

வினோத் இணைப்பைத் துண்டித்துவிட்டார்.

அங்கேயே தரையில் உட்கார்ந்து எழுதினேன். முதல் வாக்கியத்திலேயே நாகம்மாவின் பெயர் இருந்தது. இரண்டு வருடத்தில் முதல் தடவையாக, எழுதிய ஒவ்வொரு சொல்லையும் நானே நம்பினேன். அனுப்பிவிட்டு இளங்கோவைக் கூப்பிட்டேன்.

"அவங்க பக்கத்துலதான் இருக்காங்க. பேசறீங்களா?"

"ஐயோ, என்ன பேசறது?" என்று தடுமாறினார்.

அதற்குள் நாகம்மா போனை வாங்கிவிட்டார். "இன்னா கண்ணு, சாப்டியா?"

ஆறு வருடமாக அவருக்கு எல்லாவற்றையும் படித்துக்காட்டிய குரல், அவரை ஒரு கேள்வி கேட்டது.

"இன்னும் இல்லக்கா," என்றார் இளங்கோ.