முதல்முறை கூடாரத்தில் தங்குவோருக்குச் சில குறிப்புகள்

1

இது கதையாகப் பிறக்கவில்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஒரு பக்கத்துக்கு அறிவுரை எழுதித் தரச் சொல்லிக் கேட்டார்கள், அவ்வளவுதான். ஆலுவாவுக்கு அப்பால் பெரியாற்றங்கரை மைதானம் ஒன்றில் ஆண்டுக்கொருமுறை மூன்று நாள் இசைவிழா நடக்கிறது. வருகிறவர்களில் பாதிப்பேர் அங்கேயே கூடாரத்தில் தங்குகிறார்கள். தமிழ்நாட்டிலிருந்து வரும் பிள்ளைகள் கூடிவிட்டதால் தமிழிலும் ஒரு தாள் வேண்டுமாம். மட்டாஞ்சேரியில் தமிழ் எழுதத் தெரிந்தவர் யார் என்று விசாரித்துக்கொண்டு என்னிடம் வந்தார்கள். நான் பள்ளிக்கூடத்தில் தமிழ் சொல்லித் தருகிறவள். காய்கறிப் பட்டியலிலிருந்து கனவு வரைக்கும் எனக்கு மலையாளத்தில்தான் வரும் என்பது அவர்களுக்குத் தெரியாது.

ஒப்புக்கொண்ட பிறகுதான் நான் ஒருநாள்கூடக் கூடாரத்தில் படுத்ததில்லை என்று உறைத்தது. இருந்தாலும் எழுதிப் பார்த்தேன்.

"கூடாரத்தில் தங்குவது ஓர் இனிய அனுபவம். முதலில் நீங்கள்

நிறுத்திவிட்டேன். வேறொன்று:

"வெளிச்சம் இருக்கும்போதே வந்து சேருங்கள். மேடான இடமாகப் பாருங்கள். கழிப்பறைக்குப் பக்கத்தில் வேண்டாம், ரொம்பத் தூரத்திலும்

இதை யார் வேண்டுமானாலும் எழுதலாம். அங்கே படுத்து எழுந்த ஒருவரின் வாயால் கேட்கவேண்டும் என்று தோன்றியது. காலைச் சாயா குடிக்கிற ஹோட்டலில் இதைச் சொன்னேன். முதலாளி யூசுப் கண்ணாடி டம்ளரைக் கழுவியபடியே சொன்னார்.

"நம்ம செல்வலட்சுமி போயிருந்தாளே டீச்சரே, கழிஞ்ச வருஷம். அவகிட்ட கேட்டா மதியல்லோ, அது போதும். இப்ப ஏலூர்ல ஒரு கம்பெனி கேண்டீன்ல இருக்கா."

2

செல்வலட்சுமியை எனக்குத் தெரியும். யூசுப்பின் அடுப்படியில் பல வருஷம் தோசை வார்த்தவள். சங்கரன்கோவில் பக்கத்துக்காரி. கல்யாணமாகிக் கொச்சிக்கு வந்து இருபது வருஷமாகிறது. ஏலூர் கேண்டீனின் பின்கட்டில் ஒரு கூடை சின்ன உள்ளியோடு, அதாவது சின்ன வெங்காயத்தோடு, உட்கார்ந்திருந்தாள். நான் நோட்டை விரித்ததும் யோசிக்காமல் சொல்ல ஆரம்பித்தாள்.

"காதுக்குப் பஞ்சு கொண்டுபோகச் சொல்லுங்க. மாத்துத் துணிய பிளாஸ்டிக் பையில கட்டி வெக்கச் சொல்லுங்க. காலைல எட்டு மணிக்கு மேல டெண்டுக்குள்ள படுக்க முடியாது, இட்லிச் சட்டி கணக்கா வெந்துரும்."*

எழுதிக்கொண்டே வந்தேன்.

"அப்பறம், சண்ட போடணும்னா பாட்டு ஆரம்பிச்ச பெறவு போடச் சொல்லுங்க."

என் பேனா நின்றது அந்த இடத்தில்தான். இந்தக் கதை தொடங்கியதும் அங்கேதான்.

(* கூடாரம் என்று எழுதும்போதெல்லாம் அது என் சொல். டெண்டு என்று வந்தால் அது அவளுடையது. அவள் உள்ளே இருந்தவள், அதனால் அவள் சொல்லையே நம்புங்கள்.)

3

முதல் வரைவு இப்படி ஆரம்பித்தது: "குடிகாரக் கணவனிடமிருந்து மூன்று நாளாவது தப்பிக்க நினைத்த செல்வலட்சுமி

அடுத்த வாரம் போய் அவளிடம் வாசித்துக் காட்டினேன். உள்ளி வாடையடிக்கும் புறங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள்.

"அவரு குடிக்க மாட்டாரு டீச்சர். கை நீட்ட மாட்டாரு. அப்பிடி ஆளா இருந்தா நான் எப்பமோ போயிருப்பேனே."

ஆக, அவள் கணவன் தங்கதுரையை அழித்து எழுதவேண்டியதாயிற்று. எனக்கு அவன்மேல் இன்னமும் முழு நம்பிக்கை இல்லை. இவ்வளவு சாதுவான மனிதனை வைத்துக்கொண்டு ஒரு கதாசிரியை என்ன செய்வாள்? கட்டடங்களுக்குக் கம்பி கட்டுகிறவன். வேலை விட்டால் வீடு. அந்த வீட்டைச் சொன்னால்தான் மற்றது விளங்கும்.

மட்டாஞ்சேரியிலேயே கொச்சங்காடியில், பழைய சரக்குக் கிட்டங்கி ஒன்றின் பின்புறம், மிளகாய் நெடி ஏறிய சந்தில், இரண்டே அறை. ஏழு பேர். இவர்கள் இருவர், தங்கதுரையின் தம்பி முத்துராமலிங்கம், தம்பி மனைவி சந்தனமாரி, அவர்களுடைய மூன்று பிள்ளைகள். செல்வலட்சுமிக்குப் பிள்ளை இல்லை. அந்த மூன்றும் அவள் இடுப்பில் வளர்ந்தவை. கடைக்குட்டிப் பெண் பெரியம்மாவின் முந்தானையைப் பிடித்துக்கொள்ளாமல் உறங்காது. இரண்டு குடும்பத்துக்கும் நடுவே ஒரு சேலைத் திரை.

அங்கே யாரும் யாரையும் குறை சொன்னதில்லை. ஆனால் அத்தனை வருஷத்தில் கணவனும் மனைவியும் முழுக்குரலில் ஒரு வார்த்தை பேசிக்கொண்டதும் இல்லை. கோபம் கிசுகிசுப்பில், சமாதானமும் கிசுகிசுப்பில். பாதிச் சண்டையில் திரைக்கு அந்தப் பக்கம் யாராவது இருமினால் மீதியை மறுநாளைக்குத் தள்ளிவைப்பார்கள். மறுநாள் அது ஆறிப்போயிருக்கும். மனைவியைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவதற்குக்கூடத் தங்கதுரைக்குக் கூச்சம். "இந்தா" என்பான்.

போன வருஷம் ஐப்பசியில் ஏலூர்க் கேண்டீனில் சமையலுக்கு ஆள் கேட்டார்கள். தங்க ஓர் அறையும் உண்டு. குறிப்பிட்ட திங்கட்கிழமை வந்து சேரவேண்டும் என்றார்கள். செல்வலட்சுமி சரி என்று சொல்லிவிட்டாள். வீட்டில் சொல்லவில்லை. சொன்னால் மற்ற ஆறு பேரும் பதில் சொல்வார்கள். அவளுக்கு ஒருவனுடைய பதில் மட்டும் வேண்டியிருந்தது.

அந்தச் சமயத்தில்தான் விழாக்காரர்கள் யூசுப்புக்கு இரண்டு அனுமதிச் சீட்டு கொடுத்தார்கள், கூடாரத்தோடு. "டெண்டில போய்க் கிடக்க எனக்கென்ன வட்டா, பைத்தியமா" என்று யூசுப் அதை அடுப்படியில் வைத்துவிட்டுப் போனார். வைத்த இடத்தில் செல்வலட்சுமி நின்றிருந்தாள்.

4

வீட்டில் ஒரு பொய் சொன்னாள். விழாவில் ஹோட்டல் கடை போடுகிறது, இருவருக்கும் மூன்று நாள் வேலை. தங்கதுரைக்கும் அவள் அதையேதான் சொல்லியிருந்தாள். மைதானத்து வாசலில் மணிக்கட்டில் துணிப்பட்டை கட்டிவிட்டபோதுதான் அவனுக்குச் சந்தேகம் வந்தது.

"இந்தா, கடை எங்க?"

"கடை இல்ல. நாம தங்கப் போறோம்."

அவன் பையைத் தோளில் ஏற்றிக்கொண்டு அவள் பின்னால் நடந்தான். அவன் சுபாவம் அப்படி.

வெள்ளிக்கிழமை பிற்பகல் வெயில் சாய்ந்திருந்தது. ஆற்றங்கரையிலிருந்து ரோடு வரைக்கும் ஆரஞ்சு நிறக் கூடாரங்கள், எல்லாம் ஒரே அளவு, ஒரே முகம். (முதல்முறை வருவோர் தங்கள் கூடாரத்தில் அடையாளத்துக்கு ஒரு துணி கட்டிக்கொள்ளவும். இவர்கள் கட்டவில்லை.) ஜிப்பை இழுத்துவிட்டு உள்ளே குனிந்து போனதும் செல்வலட்சுமிக்கு வேறொரு தண்ணீருக்குள் இறங்கின மாதிரி இருந்தது. துணி வழியாக வந்த வெளிச்சத்தில் அவன் கை, முகம், நரைத்த தாடிமுள் எல்லாம் ஆரஞ்சு. அவள் கையும் அப்படியே. மூன்று மேடைகளிலிருந்து மூன்று பாட்டு வந்து மைதானத்தின் நடுவில் ஒன்றோடொன்று கலந்து, எந்தப் பாட்டும் இல்லாத ஏதோ ஒன்றாகித் தரை வழியாக ஏறியது. படுத்தால் முதுகில் அது துடித்தது. பெரிய மிருகம் ஒன்றின் மேல் படுத்திருக்கிறோம், அது தூங்குகிறது, என்று அவள் நினைத்துக்கொண்டாள்.

இருவரும் மல்லாந்து கிடந்தார்கள். தொட்டுக்கொள்ளவில்லை. துணியில் ஊரும் நிழல்களைப் பார்த்தபடியே அவன் சொன்னான், "கால நீட்ட முடியுது."

வீட்டில் அவன் காலுக்கு நேராக அரிசி டிரம் இருந்தது.

5

சனிக்கிழமை பிற்பகல் மூன்று மணிக்கு அவள் சொன்னாள்.

"ஏங்க, திங்கக்கெழம நான் ஏலூர் போறேன்."

அதே நொடியில் பெரிய மேடையில் ஒரு பாட்டு ஆரம்பித்தது. அவன் காதைச் சாய்த்தான். "என்னது?"

"ஏலூர் போறேன். கேண்டீன் வேல. அங்கயே ரூம் தாராங்க."

"கேக்கல."

மூன்றாம் முறை அவள் கத்தினாள். தன் குரல் அவ்வளவு பெரிதாக இருக்கும் என்று அவளுக்கே தெரியாது. தங்கதுரை எழுந்து உட்கார்ந்தான். பதிலுக்கு அவனும் கத்த வேண்டியிருந்தது.

"எங்கிட்ட கேக்காம முடிவு பண்ணிட்டியா?"

"எங்க வெச்சிக் கேக்க? சொல்லுங்க, எங்க வெச்சிக் கேக்க?"

பாட்டு முடிந்தது. பழக்கதோஷம், இருவர் குரலும் சட்டென்று இறங்கியது.

"தம்பிக்கு என்ன பதில் சொல்லுவேன்?" என்று அவன் கிசுகிசுத்தான்.

"பாட்டு வரட்டும், இருங்க," என்று அவளும் கிசுகிசுத்தாள்.

வந்தது.

"அந்த வீட்டுல ஒனக்கு என்ன கொற?"

"ஒரு கொறையும் இல்ல. எல்லாரும் நல்லாத்தான் வெச்சிருக்காங்க. அங்க நான் மதினி, பெரியம்மா, ஹோட்டல்காரி. ஒங்களுக்கு நான் யாருன்னு எனக்கு மறந்துபோச்சு."

"ஏலூர்ல கம்பெனிப் பொகையில காத்தே நாறும்."

"நாறட்டும்."

அப்படியே பாட்டுப் பாட்டாக அந்தச் சண்டை நடந்தது. பல வருஷமாகத் தள்ளிவைத்ததெல்லாம் வந்தது. மருத்துவரிடம் போவதைப் பாதியில் நிறுத்தியது யார் என்பது வந்தது. ஒருமுறை அவள் காய்ச்சலில் கிடந்தபோது அவன் தம்பி மகளைப் பள்ளிக்கூடத்தில் சேர்க்கப் போனது வந்தது. பாட்டு நின்ற இடைவெளிகளில் இருவரும் ஒரே பாட்டிலில் தண்ணீர் குடித்துக்கொண்டார்கள். பக்கத்துக் கூடாரத்தில் கோயமுத்தூரிலிருந்து வந்த நான்கு பெண்கள் சிரித்துப் பேசிக்கொண்டிருந்தார்கள். அவர்களுக்கு ஒன்றும் கேட்டிருக்காது.

கடைசியாக அவன் கேட்டான். "நான் வரணுமா, வேண்டாமா?"

"அத நீங்கதான் சொல்லணும். தம்பிகிட்ட கேக்காம சொல்லணும்."

அவன் சட்டையை மாட்டிக்கொண்டான். "ஒரு சாயா குடிச்சிட்டு வாரேன்."

போனை உள்ளேயே விட்டுப் போயிருந்தான்.

6

கைதேர்ந்தவர்கள் இந்த இடத்தில் மழையைப் பற்றி ஒரு பத்தி எழுதுவார்கள். நானும் எழுதினேன். வானம், மின்னல், பெரியாறு என்று போயிற்று. அடித்துவிட்டேன். மழை பெய்தது.

மேடைகளில் பாட்டை நிறுத்தினார்கள். ஜனங்கள் கூடாரங்களுக்குள் ஓடி ஜிப்பை இழுத்துக்கொண்டார்கள். இன்னும் இருட்டவில்லை. செல்வலட்சுமி முழங்காலைக் கட்டிக்கொண்டு, துணிமேல் விழும் சத்தத்தைக் கேட்டபடி உட்கார்ந்திருந்தாள். அவன் ஆலுவாவுக்குப் போய் பஸ் ஏறியிருப்பான் என்று நினைத்தாள். நினைத்தபோது அழுகை வரவில்லை, பசித்தது. பையிலிருந்த ரொட்டியை எடுத்துத் தின்றாள்.

அப்போது தூரத்தில் யாரோ "இந்தா, இந்தா" என்று கூப்பிடுவது கேட்டது. ஆயிரக்கணக்கான ஆரஞ்சுக் கூடாரங்களுக்கு நடுவே, கொட்டும் மழையில், ஒரு மனிதன் இந்தா என்றால் யார் திரும்புவார்கள்? குரல் இடப்பக்கம் போனது. தேய்ந்தது. வெகுநேரம் கழித்து மறுபடி வந்தது. இந்த முறை வேறு மாதிரி.

"லெச்சுமி."

அவள் ரொட்டியை மெல்லுவதை நிறுத்தினாள்.

"லெச்சுமீ."

"ஏன் பதில் குடுக்கல?" என்று நான் கேட்டேன்.

"இன்னொரு தடவ கேக்கணும்போல இருந்துச்சு டீச்சர்."

கோயமுத்தூர்ப் பெண்களில் ஒருத்தி தலையை வெளியே நீட்டியிருக்கவேண்டும். "யாரோ லெச்சுமியத் தேடறாங்க," என்று உள்ளே சொன்னது கேட்டது. பிறகு அவளும் கூப்பிட்டாள். அடுத்த கூடாரம் அதை வாங்கிக்கொண்டது. அதற்கடுத்தது. மழைக்கு அடைந்து கிடந்த பிள்ளைகளுக்கு வேறு வேலையில்லை. யார் லெச்சுமி என்று ஒருவருக்கும் தெரியாது. மலையாளத்து வாயும் தமிழ் வாயும் கலந்து, ஆற்றங்கரையிலிருந்து ரோடு வரைக்கும் அந்தப் பெயர் போய்ப் போய்த் திரும்பியது. சிலர் ராகம் போட்டார்கள். யாரோ பாத்திரத்தில் தாளம் தட்டினார்கள். செல்வலட்சுமி ஆரஞ்சு வெளிச்சத்துக்குள் அசையாமல் இருந்தாள். தன் பெயர் மழையைப் போல எல்லாப் பக்கத்திலிருந்தும் விழுவதாக அவளுக்கு இருந்தது.

பிறகு ஜிப்பைத் திறந்து வெளியே போய் நின்று, உள்ளதிலேயே பெரிய குரலில் சொன்னாள்.

"இங்க இருக்கேன்."

மைதானம் கைதட்டியது. நான்கு வரிசை தள்ளி, முழங்கால் வரைக்கும் சேறாக, செருப்பு ஒன்று இல்லாமல், தங்கதுரை நின்றுகொண்டிருந்தான்.

7

அவன் உள்ளே வந்தான். அவள் ஜிப்பை மூடினாள். விடியும்வரை பேசினார்கள்.

[இங்கே ஒன்றரைப் பக்கம் உரையாடல் இருந்தது. எல்லாம் என் கற்பனை. அவன் அழுவதாகக்கூட எழுதியிருந்தேன்.]

"என்ன சொன்னாரு?" என்று செல்வலட்சுமியிடம் கேட்டிருந்தேன்.

"அது எங்க பேச்சு டீச்சர்," என்றாள்.

அவள் முகத்தில் கோபமில்லை. எனக்குத்தான் சுருக்கென்றது. சேலைத் திரைக்கு அந்தப் பக்கம் இருமியவர்களுக்கும் எனக்கும் அப்படி என்ன வித்தியாசம்? ஒன்றரைப் பக்கத்தையும் எடுத்துவிட்டேன்.

ஆனால் கதைக்கு முடிவு வேண்டுமே. இரண்டு எழுதினேன்.

ஒன்று: திங்கட்கிழமை காலை ஆலுவா பஸ் ஸ்டாண்ட். செல்வலட்சுமி பையோடு நின்று பார்த்துக்கொண்டிருக்கிறாள். தங்கதுரை மட்டாஞ்சேரிப் பக்கம் போகும் பஸ்ஸில் ஏறுகிறான். ஜன்னல் வழியாகத் திரும்பிப் பார்க்கிறான்.

இரண்டு: அதே இடம். செல்வலட்சுமி பையோடு நின்று பார்த்துக்கொண்டிருக்கிறாள். தங்கதுரை அவள் பையை வாங்கிக்கொண்டு ஏலூர் பஸ்ஸை நோக்கி நடக்கிறான்.

இரண்டையும் கேண்டீனில் வாசித்துக் காட்டினேன். கேட்டு முடித்துவிட்டு அவள் சொன்னாள்.

"ரெண்டுலயும் என்னைய அவரு மூஞ்சியப் பாத்துட்டே நிக்க வெச்சிருக்கீங்க. நான் நிக்கல டீச்சர். ஏலூர் பஸ் வந்துச்சு. முன்வாசல் வழியா ஏறி, பொம்பளைங்க சீட்டுல ஒக்காந்துட்டேன்."

"அவரு?"

"ஆம்பளைங்க பின்வாசல்ல ஏறுவாங்க."

"திரும்பிப் பாக்கலியா?"

"பாக்கல. ஏலூர் வர்றவரைக்கும் பாக்கல."

8

அறிவுரைத் தாளை அனுப்பிவிட்டேன். பன்னிரண்டு குறிப்புகள். கணவன் மனைவியைப் பற்றி அதில் ஒன்றும் இல்லை. அச்சாகி வந்துவிட்டது. நன்றாக இருக்கிறது என்றார்கள்.

அந்த பஸ்ஸின் பின்வாசலில் யாராவது ஏறினார்களா என்பதை யூசுப்பிடம் கேட்டால் ஒரு நிமிஷத்தில் தெரிந்துவிடும். கேட்கவில்லை. கொச்சங்காடி சந்து வழியாகத்தான் நான் தினமும் பள்ளிக்கூடம் போகிறேன். அந்தக் கிட்டங்கியின் பின்பக்கம் நான் பார்ப்பதில்லை.

கடைசியாகப் போனபோது செல்வலட்சுமி வேலை முடிந்து கிளம்பிக்கொண்டிருந்தாள். அவள் குடியிருப்பு வரைக்கும் சேர்ந்து நடந்தோம். சாயங்காலக் காற்றில் கொஞ்சம் வாடை இருந்தது உண்மைதான். வரிசையில் மூன்றாவது அறை. பச்சைக் கதவு. அவள் படியில் நின்று திரும்பினாள்.

"உள்ள வாங்க டீச்சர், சாயா போடுதேன்."

உள்ளே போயிருந்தால் தெரிந்திருக்கும். பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று சொல்லிவிட்டு நடந்தேன்.

உங்களுக்கு அப்படி அவசரம் ஒன்றும் இல்லையென்றால் நீங்கள் போகலாம். நல்ல சாயா கிடைக்கும், அவள் கையில் குடித்தவள் சொல்கிறேன். கதவைத் தட்டுவதற்கு முன் மட்டும் கொஞ்சம் நில்லுங்கள். உள்ளே யாராவது உரக்கப் பேசிக்கொண்டிருந்தால், பேசி முடிக்கட்டும்.