மலைக்கு ஓடச் சொன்ன வசனம்

மாமனார் கதவைப் பூட்டிச் சாவியைச் சட்டைப்பையில் போட்டபோது எனக்கு வயிற்றில் எட்டு மாதம் முடிந்து ஆறு நாள். சூரியநெல்லிக்கு மேலே, தேயிலைத் தோட்டத்து வரிசை வீடுகளான எங்கள் லயத்தில் ஆறு வீடுகள். ஐந்து வீட்டுக்காரர்கள் காலையிலேயே துணிமூட்டையோடு பள்ளிக்கூட முகாமுக்கு இறங்கிவிட்டார்கள். மூன்று நாளாக விடாத மழை. சரிவில் மண் வெடித்திருக்கிறது, உருள்பொட்டும், மலையே சரிந்து வரும், இறங்குங்கள் என்று பஞ்சாயத்துக்காரர்கள் ஜீப்பில் மைக் கட்டிச் சொல்லிவிட்டுப் போனார்கள்.

"மலைய விட்டு எறங்கப்படாது," என்றார் மாமனார் சுவக்கீன். "கடைசி நாள்ல மலைக்கு ஓடுங்கன்னு ஆண்டவர் சொல்லிருக்கார். நாம ஏற்கெனவே மலையிலதான இருக்கோம்?"

தேயிலை பேக்டரியில் முப்பது வருஷம் இருந்து ரிட்டயர் ஆனவர். ஒரு வருஷமாகப் போனில் யாரோ ஒரு பிரசங்கியாரைக் கேட்டுக் கேட்டு இப்படி ஆகிவிட்டார். என் கணவர் சுஜின், தன் அப்பா முன்னால் வாய் திறக்க மாட்டார். கட்டிலில் உட்கார்ந்து தன் கால்விரலைப் பார்த்துக்கொண்டிருந்தார். எனக்குக் கோபம் தலைக்கேறியது.

நானும் ஒன்றும் தெரியாதவள் இல்லை. மறையூர்க் கோயிலில் வேதம் சொல்லிக்கொடுக்கும் உபதேசியார் என் அப்பா. எட்டு வருஷம் ஞாயிறு வகுப்பு எடுத்தவள் நான்.

"மாமா, அது எருசலேம் சனங்களுக்குச் சொன்னது. நாப்பது வருஷத்துக்குள்ள ரோமாக்காரன் வந்து கோயில இடிச்சான். பேச்சக் கேட்டவங்க முன்னாடியே ஓடித் தப்பிச்சாங்க. அது அன்னைக்கே நடந்து முடிஞ்சுபோச்சு."

"எல்லாம் முடிஞ்சுதா? அவர் மேகத்துல வந்துட்டாரா?"

"இல்ல. அது இனிமேத்தான்."

"அப்ப பாதி பாக்கி. அந்தப் பாதிதான் இது."

பாதி நடந்தது, பாதி நடக்கவில்லை என்று நானும்தான் நம்புகிறேன். எந்த இடத்தில் கோடு போட்டுப் பிரிப்பது என்பதில்தான் சண்டை. அதற்காக என் பிள்ளையையுமா வைத்துப் பூட்டுவது? ஜன்னலில் கம்பி. பின்கதவு கிடையாது.

ஜீப் கடைசித் தடவையாக வந்து ஹாரன் அடித்தது. "நாங்க வரல, போங்க!" என்று மாமா ஜன்னல் வழியாகக் கத்தினார். "பூட்டி வச்சிருக்கார்!" என்று நான் கத்தியது தகரத்தில் விழுந்த மழையில் யாருக்கும் கேட்கவில்லை. ஜீப் திரும்பிப் போனது. நான் தரையில் உட்கார்ந்து அழுதேன்.

"அதே எடத்துல ஆண்டவர் வயித்துப்பிள்ளைக்காரிங்கள நெனச்சு ஐயோன்னாரே, மாமா. மழைக்காலத்துல ஓட வேண்டி வரக்கூடாதுன்னு வேண்டிக்கச் சொன்னாரே. பூட்டி வைக்கவா சொன்னாரு?"

அவர் ஜெபம் பண்ண முழங்காலில் நின்றார்.

மூன்று மணிவாக்கில் அடுக்களைச் சுவர் உள்பக்கமாகப் பிதுங்கியது. அடியில் செம்மண் தண்ணீர் பீறிட்டது. அப்போதுதான் மாமாவின் கை சட்டைப்பைக்குப் போனது. சாவியைத் தலைகீழாகத் துவாரத்தில் செருகப் பார்த்தார். சுஜின் அதைப் பிடுங்கிக் கதவைத் திறந்தார். அப்பாவிடமிருந்து அவர் எதையாவது பிடுங்கி நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

வெளியே வந்தால் ரோட்டைக் காணோம். ஜீப் போன வளைவு முழுக்க மண்ணாகச் சரிந்து கீழே போய்க்கொண்டிருந்தது. மிச்சம் இருந்தது தேயிலைச் செடிகளுக்கு நடுவே மேலே பாறைக்குப் போகும் தடம் மட்டும். சுஜின் கையைப் பிடித்துக்கொண்டு ஏறினேன். பத்தடிக்கு ஒருமுறை நின்றேன். இடுப்பில் சுருக்கென்று ஒரு வலி எடுத்தது.

பின்னால் மாமாவின் குரல் ஆச்சரியத்தோடு கேட்டது. "மழை, வயித்துப்பிள்ளைக்காரி, மலை. பாத்தியாம்மா, சொன்னது சொன்னபடியே நடந்துருச்சு."

திரும்பிப் பார்த்தேன். சேற்றில் நனைந்து, பயந்துபோன ஒரு கிழவர். பாவமாகத்தான் இருந்தது. ஆனாலும் நான் விடவில்லை.

"அது தன்னால நடக்கல மாமா. நீங்கதான் நடத்தி வச்சிட்டீங்க."

அடுத்த வலி வந்தது. மேலே ஏறுவதைத் தவிர வேறு வழியில்லை.