கட்டில் மேல் இருவர், கீழே கொம்பேறிமூக்கன்

1

இந்தக் கதை எனக்கு எங்கே கிடைத்தது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஆர்.எஸ்.மங்கலத்தில், என் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் கிடைத்தது. சொன்னவர்கள் இரண்டு பேர்: என் கல்லூரித் தோழி சித்தி ஜுனைதா, அவள் கணவர் நவ்ஷாத். இருவரும் ஒரே நேரத்தில் சொன்னார்கள். ஒருவர் ஆரம்பித்த வாக்கியத்தை மற்றவர் பிடுங்கிக்கொண்டு ஓடினார். சோறு ஆறிப்போனது.

"இதை நான் எழுதப்போறேன்" என்றேன்.

"எழுதுங்க. நான் கட்டில்ல ஏறுனதை மட்டும் விட்டுருங்க" என்றார் நவ்ஷாத்.

"ஏ மாலதி, அதைத்தான்டி எழுதணும்" என்றாள் ஜுனைதா.

ஆக, தலைப்பிலேயே நவ்ஷாத்துக்குத் துரோகம் செய்துவிட்டேன்.

எழுத உட்கார்ந்ததும் ஒரு சிக்கல். இந்தக் கதையில் பாம்பு வருகிறது, யாரையும் கடிக்கவில்லை. பாம்பையும் யாரும் அடிக்கவில்லை. விஷமே இல்லாத பாம்பை வைத்துக்கொண்டு வாசகரை எப்படி உட்கார வைப்பது? அந்தப் பயத்தில் என் முதல் தொடக்கம் இப்படி வந்தது:

"அந்தக் குளியலறைக்குள் மரணம் சுருண்டு படுத்திருந்தது. அது—"

அடித்துவிட்டேன். மரணமெல்லாம் அங்கே இல்லை. ஒரு வாளி, ஒரு ஷாம்பு பாட்டில், ஒரு கொம்பேறிமூக்கன் இருந்தன. பாம்பும் சுருண்டு படுக்கவில்லை. துண்டு போடும் கம்பியில் துண்டு மாதிரியே தொங்கிக்கொண்டிருந்தது.

இரண்டாவது தொடக்கம்: "அன்று கடல் ஒரு—"

கடல் ஒரு என்ன? அரியமான் பக்கத்துக் கடலைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். காற்று இல்லாத நாளில் அது சும்மா கிடக்கும். அதற்கு ஓர் உவமையைக் கொண்டுபோய்ச் சாத்த மனம் வரவில்லை. வாக்கியத்தை அப்படியே விட்டுவிட்டேன். ஆட்களிடமிருந்தே ஆரம்பிக்கிறேன்.

2

நவ்ஷாத் கீழக்கரைக்காரர். கல்யாணமான மறுவருஷம் சவூதிக்கு, தம்மாமுக்கு வேலைக்குப் போனார். இந்த வருஷம்தான் வேலையை முடித்துக்கொண்டு ஊர் திரும்பினார். நடுவில் லீவில் வந்தார், போனார், வந்தார், போனார். ஒரு லீவில் வீடு கட்டினார்கள். ஒரு லீவில் அவர் வாப்பா மௌத்தாகி, அடக்கம் நடந்தது. ஒரு லீவு முழுக்க மகள் சுஹாவின் நிக்காஹ். இரண்டு பேரும் மட்டுமாக எங்கேயும் போனதில்லை. உட்கார்ந்து பேசியதுகூட ஃபோனில்தான் அதிகம்.

இப்போது மனிதர் வீட்டிலேயே இருக்கிறார். இருவருக்கும் என்ன செய்வதென்று தெரியவில்லை. சண்டையா என்றால் இல்லை. சண்டை இருந்தால் கதைக்கு எவ்வளவு வசதி! இவர்களிடம் இருந்தது மரியாதை. "ஃப்ரிட்ஜைத் தொறக்கட்டுமா ஜுனைதா?" என்று கேட்டுவிட்டுத் திறப்பார். அவள் அலமாரியிலிருந்து நல்ல பீங்கான் தட்டை எடுத்து அவருக்குத் தினமும் கோழி ஆக்கி வைப்பாள். "ரொம்ப நல்லாருக்கு" என்பார். "இன்னும் கொஞ்சம் வைக்கவா மச்சான்" என்பாள். வீடு அமைதியாக இருந்தது. அந்த அமைதியில் அவளுக்கு மூச்சு முட்டியது.

சென்னையிலிருந்து சுஹாதான் யோசித்து, அரியமான் கடற்கரைக்குப் பக்கத்தில் ஒரு தென்னந்தோப்பில் அறை போட்டுக் கொடுத்தாள். "ரெண்டு பேரும் போய் இருந்துட்டு வாங்க" என்றாள். சொந்த மாவட்டத்துக்குள்ளேயே சுற்றுலா!

கிளம்புவதற்கு முன்னால் தம்மாமிலிருந்து மேனேஜர் கூப்பிட்டார். நாகர்கோவில்காரர், இமானுவேல் என்று பெயர். நவ்ஷாத் இல்லாமல் வேலை ஓடவில்லை, திரும்ப வந்துவிட முடியுமா, இந்த வாரத்துக்குள் பதில் சொல்லுங்கள் என்றார்.

"என்ன சொல்லட்டும்?" என்று நவ்ஷாத் மனைவியிடம் கேட்டார்.

"உங்க இஷ்டம் மச்சான்."

"உன் இஷ்டம் என்ன?"

"உங்க இஷ்டந்தான்."

இதையும் பெட்டியோடு சேர்த்துத் தூக்கிக்கொண்டுதான் இருவரும் காரில் ஏறினார்கள்.

3

போய்ச் சேர்ந்த மறுநாள், நண்பகல் லுஹர் தொழுகைக்கு முன்னால். அறையில் ஒரு கட்டில், ஒரு நாற்காலி. தோப்புக்காரர் நாகலெட்சுமி பக்கத்து வீட்டில் இருந்தார். ஜுனைதா ஜன்னலோரம் உட்கார்ந்து, "எல்லாம் நல்லாருக்கும்மா" என்று சுஹாவிடம் ஃபோனில் சொல்லி முடித்தாள். உள்ளே நவ்ஷாத் குளித்துக்கொண்டிருந்தார். தலைக்கு ஷாம்பு தேய்த்தவர், கண் எரிந்ததால் கண்ணை மூடியபடியே துண்டுக்குக் கை நீட்டினார்.

துண்டு நகர்ந்தது.

(இந்த இடத்தில் "குளிர்ந்த, வழுவழுப்பான, உயிருள்ள ஏதோ ஒன்று" என்று அரைப் பக்கம் எழுதி வைத்திருந்தேன். நவ்ஷாத்திடம் படித்துக் காட்டினேன். "அவ்வளவெல்லாம் இல்லம்மா, துண்டு நகந்துச்சு" என்றார். அரைப் பக்கம் போச்சு.)

கதவு படீரென்று திறந்தது. இடுப்பில் நனைந்த லுங்கி, தலை நிறைய நுரையோடு ஒரு மனிதர் தன்னைத் தாண்டிப் பாய்ந்து கட்டில்மேல் நிற்பதை ஜுனைதா பார்த்தாள்.

"பாம்பு!"

"எங்கன?"

"உள்ள! துண்டுல! துண்டே பாம்பு!"

அவள் எழுந்துபோய் எட்டிப் பார்த்தாள். விரல் தடிமனில் நீளமாக ஒன்று கம்பியில் தொங்கியது. தலையைத் தூக்கி அவளைப் பார்த்தது. அவள் திரும்பினாள். அதன் பிறகு நடந்ததைத்தான் இருவரும் என் வீட்டில் போட்டி போட்டுக்கொண்டு சொன்னார்கள்.

"அறிவிருக்கா மச்சான் உங்களுக்கு? கதவைச் சாத்திட்டு வரவேணாமா? அது இங்கன வந்தா என்ன செய்வீங்க? எறங்குங்க மொதல்ல! அடுத்தவங்க வீட்டு பெட்ஷீட்டு, பூரா நுரை!"

நவ்ஷாத் இறங்கவில்லை. சிரித்தார்.

"என்ன சிரிப்பு?"

"நீ என்னைத் திட்டுற."

"பின்ன, கொஞ்சுவாங்களா?"

"இல்ல ஜுனைதா. இம்புட்டு வருஷத்துல நீ என்னை ஒருநாளும் திட்டுனதில்ல. யோசிச்சுப் பாரு."

அவள் யோசிக்கவே இல்லை. பதில் தானாக வந்து விழுந்தது.

"வந்துட்டுப் போற ஆளை யாரு மச்சான் திட்டுவா?"

சொன்ன பிறகுதான் அது அவள் காதிலேயே விழுந்தது. அவருடைய சிரிப்பு நின்றது. நுரை மட்டும் நெற்றியில் வழிந்தது.

அந்த நேரம் பார்த்துப் பாம்பு குளியலறை வாசலைத் தாண்டி அறைக்குள் வந்தது. அடுத்த நொடி ஜுனைதாவும் கட்டில்மேல்.

சத்தம் கேட்டு நாகலெட்சுமி ஜன்னலுக்கு வெளியே வந்து நின்றார். பாம்பைப் பார்த்தார். "அட, கொம்பேறிமூக்கன்! ஒன்னும் செய்யாதும்மா. வெசமே கெடையாது. நம்ம தோப்புல எப்பவும் உள்ளதுதான்."

"அப்ப வந்து எடுத்து வெளிய விடுங்களேன்!"

"ஆத்தி, நானா? எனக்குப் பாம்புன்னாலே ஆகாது. ஜன்னலை நல்லாத் தொறந்துவிட்டுப் போறேன், அதுவாப் போயிரும்." சொன்னபடியே ஜன்னலைத் திறந்துவிட்டு, ஓட்டமும் நடையுமாகப் போய்விட்டார்.

பாம்பு நாற்காலிக்கு அடியில் போய் அமர்ந்தது. போகிற உத்தேசம் அதற்கு இல்லை. கட்டிலில் இவர்கள் கால்களைத் தூக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்தார்கள்.

"கொம்பேறிமூக்கன் கடிச்சுட்டு மரத்துல ஏறி உக்காந்து, செத்த ஆளை எரிக்கிற பொகை வருதான்னு பாக்குமாம். சின்னதுல சொல்லுவாங்க" என்றார் நவ்ஷாத்.

ஜுனைதா குனிந்து பாம்பைப் பார்த்தாள். "நம்மளைத்தான் எரிக்க மாட்டாங்களே மச்சான். அது மரத்துல ஏறி எதைப் பாக்கும்?"

"பாவம். ராத்திரி பகலா உக்காந்து ஏமாந்து போயிரும்."

இருவரும் சிரித்த சிரிப்பில் கட்டில் கிரீச்சிட்டது. பாம்புகூட ஒருமுறை தலையைத் தூக்கிப் பார்த்ததாக ஜுனைதா சொல்கிறாள்.

சிரித்து முடித்துவிட்டு அவர் கேட்டார்: "அப்ப நான் விருந்தாளியா?"

"தண்ணி குடுத்தா தேங்க்ஸ் சொல்றீங்க. காலையில போர்வையை ஓட்டல்ல மடிக்கிற மாதிரி மடிக்கிறீங்க. எங்க வீட்டுல யாரோ வந்து தங்கியிருக்க மாதிரி இருக்கு எனக்கு."

"நீ மட்டும் என்னவாம்? தெனமும் கோழி. அங்க கேம்ப்ல பூராக் கோழிதான் தின்னேன். கோழியைக் கண்டாலே எனக்கு ஆகாது. ஒருநாளாச்சும் மீன் வாங்கி மீனாணம் வச்சியா?"

"அதை வாயைத் தொறந்து சொல்றதுக்கென்ன? நான் வெயில்ல நின்னு கோழி வெட்டி வாங்கிட்டு வாரேன்!"

"பாரு, மறுபடியும் திட்டுற."

"திட்டத்தான் செய்வேன். எறங்கி ஓடுங்க பாப்போம்!"

எங்கே ஓடுவது? கீழே பாம்பு. அவர் சம்மணம் போட்டு உட்கார்ந்துகொண்டார். "சரி, மிச்சத்தையும் சொல்லு."

அவள் சொன்னாள். ஒரு பெருநாளுக்கு வருவதாகச் சொல்லி வராமல் போனதிலிருந்து ஆரம்பித்தாள். அவரும் தன் பங்குக்குச் சொன்னார். லுஹர் பாங்கு எங்கோ தூரத்தில் கேட்டது. கடைசியில் அவள் சொன்னாள்:

"உங்க இஷ்டம்னு சொன்னேன்ல, அது பொய். எனக்கும் ஒரு இஷ்டம் இருக்கு."

"என்ன அது?"

"இப்பச் சொல்ல மாட்டேன். பாம்பு கேக்குது."

பாம்பு நாற்காலிக் காலைச் சுற்றி ஏறி, திரைச்சீலையைப் பிடித்து, ஜன்னல் வழியாக வெளியே இருந்த வேப்பங்கிளைக்குத் தாவிப் போய்விட்டது. அது போன பிறகும் இவர்கள் கட்டிலைவிட்டு இறங்கவில்லை. தலையில் நுரை காய்ந்துபோய் நவ்ஷாத்துக்கு அரிப்பெடுத்த பிறகுதான் இறங்கினார்கள்.

4

இந்த நவ்ஷாத்தை வாசகர் நம்புவாரா என்ற சந்தேகம் எனக்கு வந்தது. பாலைவனத்தில் அத்தனை வருஷம் ஆட்களை வைத்து வேலை வாங்கியவர், விரல் தடிமன் பாம்புக்குக் கட்டிலில் ஏறுவாரா? அவரையே கேட்டேன். "நான் பயந்து ஏறல. மேல நின்னு பாத்தாத்தான் அது எங்கன போகுதுன்னு தெரியும்" என்றார். முகத்தில் துளி வெட்கம் இல்லை. இப்படிப் பொய் சொல்கிற மனிதரை நான் கற்பனையில் உண்டாக்கியிருக்க முடியாது. அதனால் நம்பிவிடுங்கள்.

ஜுனைதாவுக்கு என் மேல் ஒரு குறை: தான் எட்டிப் பார்த்ததை நான் போதுமான அளவு வீரமாக எழுதவில்லையாம். மேலே போய் மறுபடி பார்த்தேன். "எட்டிப் பார்த்தாள்" என்றுதான் இருக்கிறது. இருக்கட்டும்.

5

கட்டிலில் ஏறியதற்கு மறுநாள்தான் என் வீட்டுக்கு விருந்துக்கு வந்தார்கள். நான் கோழி ஆக்கியிருந்தேன். (பிறகுதான் எனக்குக் கதை தெரியும்.) நவ்ஷாத் "எனக்கு ரசம் போதும்மா" என்று பச்சையாகச் சொன்னார், ஜுனைதா விழுந்து விழுந்து சிரித்தாள்.

சாயங்காலம் கண்மாய்க்கரைக்குக் கூட்டிப்போனேன். மடைக்குப் பக்கத்தில் தண்ணீர்ப்பாம்பு ஒன்று தலையை மட்டும் நீட்டிக்கொண்டு நீந்திப் போனது. நவ்ஷாத் "அந்தா, அந்தா!" என்று சரிவில் இறங்க ஆரம்பித்தார். ஜுனைதா அவர் சட்டையின் பின்பக்கத்தைக் கொத்தாகப் பிடித்து இழுத்தாள். "சறுக்கி விழுந்தீங்கன்னா நான் தூக்க மாட்டேன், வாங்க மேல!" சட்டைப் பொத்தான் ஒன்று தெறித்துத் தண்ணீரில் விழுந்தது. அவர் அதையும் ரசித்துக்கொண்டு மேலே வந்தார்.

ஒரு மனைவி ஒரு கணவன் சட்டையைப் பிடித்து இழுத்ததை எதற்கு எழுதுகிறேன்? அவர்கள் கல்யாணத்துக்குப் போனவள் நான். அன்றிலிருந்து இப்படி ஒன்றை நான் பார்த்ததில்லை.

6

கடைசி நாள் மாலை நடந்தது, ஜுனைதா எனக்கு ஃபோனில் சொன்னது.

தோப்பிலிருந்து கடலுக்குப் போகிற மணல்பாதையில் இருவரும் நடந்தார்கள். பாதைக்குக் குறுக்கே, குட்டையாக, தடித்து, தலையும் வாலும் ஒரே மாதிரி மழுங்கி, ஒரு மண்ணுளிப் பாம்பு கிடந்தது. இராமேஸ்வரம் போகிற வழியில் கடலில் குளிக்க இறங்கிய ஒரு வேன் கூட்டம் எதிரே வந்தது. முன்னால் வந்த பெரியவர் கையில் கம்பு. மலையாண்டி என்று பெயர், கடலாடிப் பக்கம்.

"ஏலே, ரெட்டத்தலைப் பாம்புலே! நக்குனா குஷ்டம் வந்துரும். வெலகு வெலகு!"

நவ்ஷாத் பாம்புக்கு முன்னால் போய் நின்று இரண்டு கைகளையும் விரித்தார்.

"அடிக்காதீங்கண்ணே. பாவம், ஒன்னும் செய்யாது. ரெண்டு தலையெல்லாம் இல்ல, ஒன்னு வாலு. வேணும்னா குனிஞ்சு பாருங்க."

"நீ குனிஞ்சு பாத்தியா?"

"இல்லண்ணே. எனக்குப் பயமா இருக்கு. ஆனா அடிக்க விடமாட்டேன்."

கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள். மலையாண்டி கம்பை இறக்கவும் இல்லை, ஓங்கவும் இல்லை. அப்போது நவ்ஷாத்தின் சட்டைப்பையில் ஃபோன் அடித்தது.

"ஜுனைதா, நீ எடு. இமானுவேலாத்தான் இருக்கும். நான் கையை எறக்குனா இவுக அடிச்சுருவாக."

"எடுத்து என்ன சொல்லட்டும்?"

"உன் இஷ்டத்தைச் சொல்லு."

அவள் அவர் பைக்குள் கையை விட்டு ஃபோனை எடுத்தாள். "ஹலோ, அஸ்ஸலாமு— இல்ல, வணக்கம் சார். நான் அவங்க வீட்லேர்ந்து பேசுறேன்" என்றாள். வேன் கூட்டம் மொத்தமும் பாம்பை விட்டுவிட்டு அவள் வாயைப் பார்த்தது. மண்ணுளி மெல்லத் தலையை மணலுக்குள் நுழைக்க ஆரம்பித்தது.

அவள் சொல்ல வேண்டியதைச் சொன்னாள். நவ்ஷாத் கையை விரித்தபடியே திரும்பிப் பார்த்துச் சிரித்தார். (அந்தச் சிரிப்பை வைத்து எதையும் முடிவு கட்டாதீர்கள். சந்தோஷத்துக்கும் அதிர்ச்சிக்கும் அவரிடம் ஒரே சிரிப்புத்தான்.)

7

"என்னடி சொன்னே?" என்றேன். சொன்னாள். ஆனால், "அதை எழுதாதே. அது எங்க வீட்டு விஷயம். நீ பாம்பை மட்டும் எழுது" என்று சத்தியம் வாங்கிக்கொண்டாள்.

நான் மூன்று விதமாக எழுதிப் பார்த்தேன். ஒன்றில், "அவங்க வரமாட்டாங்க சார், இங்க எனக்கு ஆள் வேணும்" என்கிறாள். ஒன்றில், "அனுப்பி வைக்கிறேன் சார், ஆனா இந்தத் தடவை தெனமும் ஃபோன்ல திட்டுவேன், நீங்க லைன் குடுக்கணும்" என்கிறாள். இன்னொன்றில், "ரெண்டு பேருக்கும் விசா போடுங்க" என்கிறாள். மூன்றையும் அவளுக்குப் படித்துக் காட்டினேன். மூன்றுக்கும் சிரித்தாள். உண்மை இதில் இருக்கிறதா என்றுகூட நான் சொல்லக்கூடாது.

சத்தியம் செய்தவள் நான். நீங்கள் செய்யவில்லை. மலையாண்டியும் செய்யவில்லை, அவர் பக்கத்தில் நின்று ஒரு வார்த்தை விடாமல் கேட்டவர். கடலாடிப் பக்கம் போனால் அவரைப் பிடித்துக் கேளுங்கள். அவ்வளவு தூரம் போக முடியாது என்றால், நீங்களே முடிவு செய்துகொள்ளுங்கள். அவசரம் ஒன்றுமில்லை. மண்ணுளி இன்னும் பாதிதான் மணலுக்குள் போயிருக்கிறது. அது முழுசாகப் போகும்வரை நவ்ஷாத் கையை இறக்கமாட்டார்.