சீதன ஃப்ரிட்ஜ்

சமாதானபுரத்து வீட்டின் முன்னறையில் அன்று மத்தியானம் நாலு பேர். ஃபேனுக்கு நேர் கீழே பிரம்பு நாற்காலியில் மாமியார் தங்கபுஷ்பம். சோபாவில், சர்ச்சின் சேகர கமிட்டியிலிருந்து சமரசம் பேச வந்த எபனேசர் சார். டெலிபோன் மேஜையை ஒட்டி, வயரை விரலில் சுற்றிச் சுற்றி அவிழ்த்தபடி சத்தியநேசன். நடைவாசலில் போட்டிருந்த முக்காலியில் அவனுடைய மனைவி சாலோமி. ஐந்தாவது ஆளான ரீபாவுக்கு ஏழு வயது. அவளை உள்ளறையில் விட்டுக் கதவைச் சாத்தியிருந்தார்கள்.

சாலோமிக்கு எதிரே ஷோகேஸ். அதில் புதுக் கண்ணாடி. பழையதைப் போன வருஷம் எவர்சில்வர் செம்பால் அடித்து நொறுக்கியது அவள்தான். சில்லு தெறித்து ரீபாவின் கணுக்காலில் ஏறித் தையல் போட வேண்டியதாயிற்று. அன்று சாயங்காலமே சாலோமியைச் சாத்தான்குளத்துக்கு, அவள் அப்பா வீட்டுக்கு, பஸ் ஏற்றிவிட்டார்கள். அதற்குப் பிறகு பிள்ளையை அவள் பார்த்ததெல்லாம் பண்டிகை ஆராதனையில், பல வரிசை தள்ளி, பின்னந்தலையைத்தான். இன்று கேட்க வந்ததும் அதிகமில்லை. சனியும் ஞாயிறும் ரீபா தன்னோடு இருக்க வேண்டும்.

"இவளுக்குப் பிடிச்ச கோட்டி சரியாப் போச்சாமா?" தங்கபுஷ்பம் சாலோமியைக் கேட்கவில்லை, எபனேசர் சாரைக் கேட்டாள். "ஜங்ஷன்ல ஒரு டாக்டரம்மாகிட்ட வாரா வாரம் போயி, வட்டமா உக்காந்து மூச்சு விடப் படிக்காளாம். பொறந்த பிள்ளைக்குத் தெரிஞ்சத இவ இப்பத்தான் படிக்கா!"

சாலோமிக்கு அந்த டாக்டரம்மாவையும் பிடிக்காது. மஹாலக்ஷ்மி என்று பேர். வெளிநாட்டில் படித்து வந்து, டயலெக்டிகல் பிஹேவியர் தெரபி என்று வாயில் நுழையாத ஒன்றை நாலைந்து பெண்களுக்குச் சொல்லித் தந்துகொண்டிருந்தார். முதல் நாளே, "நீ செஞ்சதும் தப்பு, உனக்கு நடந்ததும் தப்பு. ரெண்டும் நிஜம். ஒண்ணு இன்னொண்ண அழிச்சிடாது" என்றார். என்ன திமிர் என்று சாலோமிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இன்னொரு நாள், ஆத்திரம் வரும்போது ஐஸ்கட்டியைக் கையில் இறுக்கிக்கொள்ளச் சொன்னார். "கோபம் போயிடாது. ஏறும், இறங்கும். உச்சியில நிக்கறப்ப கை நீளாம இருந்தாப் போதும்."

"நான் ஒண்ணும் மறைக்கல, சார்" என்றாள் தங்கபுஷ்பம். "இவ அம்மையும் இப்படித்தான் ஆடு ஆடுன்னு ஆடி, கடைசில கெணத்துல விழுந்தா. ரத்தத்துல உள்ளதுல்லா? நாளைக்கு எம் பேத்தியையும் சேத்துத் தூக்கிட்டு விழமாட்டான்னு என்ன நிச்சயம்?"

சாலோமியின் கண் தானாகச் செம்பைத் தேடிற்று. ஷோகேஸ் மேல்தான் இருந்தது. எழுந்தாள்.

சத்தியநேசன் வயரை விட்டான். எபனேசர் சார் கால்களை உள்ளே இழுத்துக்கொண்டார். தங்கபுஷ்பத்தின் முகம் மட்டும், திரி கொளுத்திவிட்டு வெடிக்குக் காத்திருப்பவள் முகம்போல மலர்ந்தது. "பாருங்க, சார், நல்லாப் பாருங்க!"

சாலோமி ஷோகேஸைத் தாண்டிப் போனாள். மூலையில் நின்ற ஃப்ரிட்ஜைத் திறந்தாள். தட்டிலிருந்து ஒரு கட்டியைப் பெயர்த்து இடது கையில் பொத்திக்கொண்டு வந்து, முக்காலியிலேயே உட்கார்ந்தாள்.

"யாரக் கேட்டுட்டீ ஃப்ரிட்ஜத் தொறந்த?"

"எங்கப்பா சீதனமாத் தந்தது, அத்த."

எபனேசர் சாருக்குச் சிரிப்பு வந்து இருமலாக முடிந்தது.

குளிர் எலும்புவரை குத்தியது. மடியில் தண்ணீர் சொட்டியது. மாமியாரை வெறுத்தாள், அதில் ஒரு குறைவும் இல்லை. இத்தனை வெறுப்போடு ஒருத்தி சும்மா உட்கார்ந்திருக்க முடியும் என்பதுதான் அவளுக்குப் புதிது.

"கண்ணாடிய உடைச்சது நான்தான், சார். ரீபா கால்ல ரத்தம் வந்ததும் என்னாலதான். எங்கம்மையப் பத்தி இவங்க பேசுனது அக்கிரமம். ரெண்டையும் நான் மாத்திச் சொல்ல மாட்டேன். சனி, ஞாயிறு எம் பிள்ள எங்கூட இருக்கணும்."

"பாத்தியளா, சார், ஒரு பொட்டுக் கண்ணீர் உண்டா? அன்னைக்குப் பேயி, இன்னைக்குக் கல்லு. கல்லுகிட்டயா பச்சப்பிள்ளயக் குடுக்க?"

"ஏலே சத்தியநேசா, நீ என்ன சொல்லுத?" என்றார் எபனேசர் சார்.

"அம்ம சொல்லுதது..." என்று தொடங்கி, அவன் டெலிபோனைப் பார்த்தான். அது மணி அடித்து அவனைக் காப்பாற்றவில்லை.

எபனேசர் சார் எழுந்து வேட்டியை உதறினார். "போதும். வேணும்ங்கறத கடுதாசியா எழுதி அனுப்பும்மா. கமிட்டில வச்சு வாசிப்போம். ஒரு வார்த்த தடிச்சு இருந்தாலும் இந்த அம்மா ஜெயிச்சாச்சு, பாத்துக்கோ."

போகும்போது சாலோமி இன்னொரு கட்டியை எடுத்துக்கொண்டாள். உள்ளறைக் கதவின் அடிப்பலகை பெயர்ந்த இடைவெளியில் இரண்டு சின்னப் பாதங்கள் தெரிந்தன. ஒன்றின் கணுக்காலில் வெள்ளையாக ஒரு தழும்பு. அந்தக் கால்விரல்கள் அசைந்தன.

தெருமுனைத் தபால் ஆபீசில், இடது கையில் தண்ணீர் ஒழுக, வலது கையால் எழுதினாள். முதல் தாளில் பேனா 'அந்தக் கிழட்டுப் பிசாசு' என்றுதான் ஆரம்பித்தது. எழுதும்போது இனித்தது. கிழித்தாள். இரண்டாவதில் நடந்ததை எழுதினாள், தனக்கு எப்படி இருந்தது என்பதை எழுதினாள், கேட்பதைக் கேட்டாள். சத்தியநேசனின் பெயர் வந்த இடத்தில் மட்டும் பேனா தாளைத் துளைத்துவிட்டது. அதை அப்படியே விட்டாள்.

வலது கை முழுக்கப் பசை. ஒட்டிய உறையை இடது கையால் தபால் பெட்டியின் வாய்க்குள் மணிக்கட்டுவரை நுழைத்து விரல்களை விரித்தாள். விரல்கள் மரத்துப்போயிருந்தன, கடிதம் விழுந்துவிட்டதா, இன்னும் பிடித்துக்கொண்டுதான் இருக்கிறோமா, தெரியவில்லை. கையை வெளியே இழுத்து, சிவந்து சுருங்கிய அந்த வெறும் உள்ளங்கையை வெயிலில் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.